எட்டாம் வகுப்பு வந்ததும் பெண் பிள்ளைகளின் விளையாட்டு நின்றுபோகிறதே, உங்கள் வீட்டில் எப்படி?

புதுவண்ணை அம்மா:
என் மகள் போன வருஷம் வரை தெருப் பையன்களோடு சரிக்குச் சமமாக ஓடியவள். வயசுக்கு வந்ததும் மாமியார் "இனிமே இன்னா குதி வேண்டியிருக்கு" என்றார். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, அந்த ஒரு பேச்சிலேயே எல்லாம் நின்றுபோய் பள்ளி, டியூஷன், போன் என்று ஆகிவிட்டது. மூன்றாவது மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் ஹீமோகுளோபின் குறைவாம். பள்ளியில் வாராவாரம் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடாமல் பையிலேயே சேர்த்து வைத்திருக்கிறாள், அது தனிக் கதை! ஹீமோகுளோபின் ஏறின பிறகு டாக்டரம்மா அவளிடம், "தினம் எவ்ளோ நேரம் வேர்க்க விளையாடுவே?" என்று கேட்டார். "ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்குப் போவேன்" என்கிறாள்.

5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்றார். அதனால் இப்போது மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஸ்கிப்பிங். திம் திம்மென்று சத்தம் வருகிறது என்று கீழ்வீட்டில் சண்டைக்கு வந்தார்கள், சரி, அவர்கள் சீரியல் பார்க்கிற நேரத்தை விட்டுவிட்டுக் குதிக்கிறார்கள். மாமியாரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, டேங்க் பக்கம் போகாதே என்று கத்திக்கொண்டே எண்ணிக்கை சொல்கிறார். உங்கள் வீடுகளில் எப்படிச் சமாளித்தீர்கள்?

ராயபுரம் பி.டி. சார்:
அம்மா, அந்தக் குதிதான் எலும்புக்குத் தீனி. வயசுக்கு வருவதை ஒட்டிய சில வருடங்களில்தான் எலும்பு வேகமாகச் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துக்கொள்ளும், கால் தரையில் மோதுகிற விளையாட்டு அதற்கு நல்லது. சரியாக அந்த வயசில்தான் நாம் பிள்ளைகளை உட்கார வைக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதில், அந்த 60 நிமிடத்தோடு வாரத்தில் 3 நாளாவது மூச்சு வாங்குகிற ஆட்டமும், தசைக்கும் எலும்புக்கும் வலு தருகிற பயிற்சியும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒரேயடியாக ஒரு மணி நேரம் ஓட வேண்டியதில்லை, பிரித்துச் செய்யலாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கே மூச்சு முட்டினால் அதுதான் கடும் வேகம்.

நீங்கள் கேட்டது உங்கள் தெருவில் மட்டும் நடக்கிற கதை இல்லை. 2016 உலகக் கணக்குப்படி 11 முதல் 17 வயதில் போதுமான அளவு உடம்பு அசையாத பையன்கள் 78 சதவீதம், பெண்கள் 85 சதவீதம். பள்ளியில் இருக்கிற பி.டி. பீரியடையும் போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு மிஸ் வாங்கிக்கொள்வார். எங்கள் வயிற்றெரிச்சலை எங்கே கொட்டுவது!

வியாசர்பாடி நைனா:
என் பொண்ணு ஃபுட்பால் ஆடுறா. எங்க ஏரியாவில் பந்துக்கும் ஆளுக்கும் பஞ்சமே இல்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் கிரவுண்டு முழுக்கப் பெரிய பசங்க, பொம்பளைப் பிள்ளைகளுக்குக் காலை வேளைதான். அதைக்கூடச் சமாளிக்கலாம். கிரவுண்டில் பாத்ரூம் கிடையாது, துணி மாற்ற இடம் கிடையாது. அவள்கூட ஆடின ரெண்டு பிள்ளைகள் நின்றதுக்குக் காரணம் அதுதான், ஆனால் வீட்டில் தடுத்ததாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சார் எலும்பைப் பற்றிச் சொன்னார், நான் கண்ணால் பார்த்தது தூக்கம். முன்னே நடுராத்திரி வரை போனை நோண்டுவாள், இப்போ சாப்பிட்ட தட்டைக் கழுவக் கூப்பிட்டால் தூங்கியிருப்பாள். மார்க்கு? ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, உண்மையைச் சொல்லணுமில்ல.

புதுவண்ணை அம்மா:
அண்ணே, பாத்ரூம் விஷயம் எனக்குத் தோணவே இல்லை. சார், மாதவிலக்கு வருகிற அந்த மூன்று நாளில் குதிக்க விடலாமா? மாமியார் ஒரே பிடியாக நிற்கிறார்.

ராயபுரம் பி.டி. சார்:
அவளுக்கு முடிந்தால் தாராளமாக விடலாம். சில பிள்ளைகளுக்கு அசைவு இருந்தால் வயிற்று வலியே குறையும். வலியோ ரத்தப்போக்கோ ரொம்ப அதிகமாக இருந்தால் டாக்டரம்மாவிடம் காட்டுங்கள், ஏற்கெனவே ரத்தம் குறைந்த பிள்ளை. அப்புறம், காங்கிரீட்டில் வெறுங்காலோடு குதிக்க விடாதீர்கள். புது ஷூ வாங்க வேண்டாம், பள்ளி கேன்வாஸ் ஷூவே போதும்.