ஒரு அடி ஆழத் தொட்டியில் சாயத்தண்ணீர் சுத்தமாகுமா?

அரசலாறு: திருபுவனம், கும்பகோணம் பக்கத்துப் பட்டுச் சாயப்பட்டறைகளுக்குச் சொல்றேன். ஒரு அடி ஆழத்துக்கு ஒரு சிமெண்ட் தொட்டி கட்டுங்க. வெயில் பட்டா சாயத்தைச் சிதைக்கிற வெள்ளைத் தூள், டைட்டானியம் டை ஆக்சைடு, லிட்டருக்கு 1 கிராம் போட்டுக் கலக்குங்க. உச்சி வெயில்ல ரெண்டு மணி நேரம் விட்டா தண்ணி சுத்தமாயிடும், வாய்க்கால்ல திறந்துவிடலாம். கரண்ட் செலவு இல்ல, கசடு இல்ல. இவ்வளவு சுலபமா இருந்தும் செய்யாம இருக்கறது சோம்பேறித்தனம்.

சாயத்தொட்டி: சோம்பேறித்தனம்னு சொல்லிட்டீங்க, சரி. அந்த ஒரு அடி எங்கேருந்து வந்தது? அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடு 388 நானோமீட்டருக்குக் கீழ உள்ள ஒளிக்குத்தான் வேலை செய்யும். வெயில்ல அந்தப் பங்கு நூத்துக்கு நாலஞ்சுதான். சாயம் காய்ச்சின தண்ணி ஒரு சென்டிமீட்டர்ல பத்துல ஒம்பது பங்கு ஒளியைக் குடிச்சிடும், ரெண்டாவது சென்டிமீட்டர்ல நூத்துல ஒண்ணுதான் மிஞ்சும். உங்க தொட்டி முப்பது சென்டிமீட்டர். மீதி இருபத்தெட்டும் ராத்திரி.

அரசலாறு: அதுக்குத்தானே கலக்கச் சொன்னேன்? கலக்கினா ஒவ்வொரு துளியும் மேல வந்து போகும். இதைக்கூடப் படிக்காம பதில் எழுதறீங்க.

சாயத்தொட்டி: படிச்சேன். துளி மேல வரும், வெயில் கூடுதலா வருமா? ஒரு சதுர மீட்டர்ல விழற ஒளி ஒண்ணுதான். மூணு சென்டிமீட்டர் ஆழம்னா அதை 30 லிட்டர் பங்கு போட்டுக்கும், ஒரு அடின்னா 300 லிட்டர். உச்சி வெயில்ல சதுர மீட்டருக்குப் புற ஊதா சுமார் 40 வாட்னு வைங்க. ரெண்டு மணி நேரத்துக்கு 0.9 மோல் ஒளித்துகள்கூட வராது. ஒண்ணுகூட வீணாகாம வேலை செஞ்சாலும் சுமார் 7 கிராம் சிஓடிதான் (அழுக்கை ரசாயனமா எரிக்கத் தேவைப்படற ஆக்சிஜன் அளவு) குறையும். நடைமுறையில நூத்துல அஞ்சு ஒளித்துகள் வேலை செஞ்சாலே பெருசு. தண்ணியில சிஓடி லிட்டருக்கு 500 மில்லிகிராம்னு குறைச்சே வைப்போம், 300 லிட்டர்ல 150 கிராம் இருக்கு. ஒரு அடிக்குக் கணக்கு எங்க?

அரசலாறு: நான் சிஓடி பத்திப் பேசவே இல்ல. ரெண்டு மணி நேரத்துல நிறம் போகும். போகாதுன்னு உங்களால சொல்ல முடியுமா?

கடைமடை: நிறம் போனா வாய்க்கால்ல விடலாமா சார்? ஆத்துல விடற தண்ணிக்கு சிஓடி 250-ஐத் தாண்டக் கூடாது, பிஓடி, அதாவது நுண்ணுயிர் அழுக்கைத் தின்னத் தேவைப்படற ஆக்சிஜன், 30-ஐத் தாண்டக் கூடாது. அசோ வகைச் சாயத்துல நிறம் தர்ற நைட்ரஜன் பிணைப்பு அறுந்ததும் நிறம் போயிடும், ஆனா அரோமாட்டிக் அமைன்கற நச்சுத் துணுக்கு தண்ணியிலேயே நிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தண்ணியைத்தான் கடைமடையில நாத்தங்காலுக்குப் பாய்ச்சறாங்க.

நொய்யல்: இதெல்லாம் எங்க ஊர் முடிச்சுவெச்ச கதை. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு ஆர்.ஓ., ஆவியாக்கின்னு போயாச்சு. ஒளியால உப்பு போகாது. டெல்டாக்காரங்க இப்பதான் தொட்டி கட்டறாங்க.

சாயத்தொட்டி: நொய்யல் அண்ணே, பருத்தி ரியாக்டிவ் சாயத்துக்கு லிட்டருக்கு 40, 60 கிராம் உப்பு கொட்டறது உங்க ஊர். பட்டுக்கு ஆசிட் சாயம், அசிட்டிக் அமிலம், பிஎச் நாலு அஞ்சு. எங்க தண்ணியில அந்த உப்பு மூட்டை கிடையாது. போன மாசம் சாயத்தண்ணிக்கு எவ்வளவு சுண்ணாம்பு போடணும்கற பேச்சுலயும் இப்படித்தான் உங்க ஊர்க் கணக்கை எங்க தலையில கட்டப் பாத்தீங்க. திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு, பாடம் வேண்டாம்.

நொய்யல்: புவிசார் குறியீடு சேலைக்குக் கொடுத்தது, சாக்கடைக்கு இல்ல. சுண்ணாம்புக் கணக்கு அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி.

அரசலாறு: அந்த பிஎச் நாலு அஞ்சு எனக்குத்தான் சாதகம். ஆறரைக்குக் கீழ டைட்டானியம் தூளுக்கு நேர்மின்னூட்டம், ஆசிட் சாயத்துக்கு எதிர்மின்னூட்டம். ரெண்டும் ஒட்டிக்கும், வினை வேகமா நடக்கும். ஒரு அடியிலயும் நிறம் போறது இதனாலதான்.

சாயத்தொட்டி: ஒட்டிக்கும்னு நீங்களே எழுதிட்டீங்க. அடியில படிஞ்ச தூளை ஒரு கரண்டி எடுத்துப் பாருங்க. வெள்ளைத் தூள் ரோஜா நிறத்துல இருந்தா சாயம் அழியல, தூள்மேல ஏறி உக்காந்திருக்கு. அதுல சுத்தத் தண்ணி விட்டுக் காஸ்டிக் சோடா சொட்டு சொட்டா விட்டு பிஎச் பத்துக்குக் கொண்டு வாங்க, சாயம் திரும்ப இறங்கும். அதுக்குத்தான் வெயில்ல வைக்கிறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் இருட்டுல கலக்கி நிற அளவு எடுக்கணும். அந்த இருட்டு அளவு இல்லாம ரெண்டு மணி நேரம்னு சொன்னா அது வெயிலோட கணக்கு இல்ல. ஒரு அடித் தொட்டியில இருட்டு அளவு எடுத்தீங்களா?

பாவு: குறுக்க வரேன். டைட்டானியம் எங்க வாங்கறது? பெயிண்ட் கடையில வெள்ளைத் தூள் மலிவா கிடைக்குது.

சாயத்தொட்டி: தம்பி, அதை வாங்காதீங்க. அது பெரும்பாலும் ரூட்டைல் வகை, வெயில்ல பெயிண்டை அரிக்கக் கூடாதுன்னு அலுமினா, சிலிகா பூசி வினையை அடக்கி வெச்சது. ஒரு மூட்டை போட்டாலும் தண்ணிதான் பாலாகும். இதே வேலை செய்யற துத்தநாக ஆக்சைடும் வேண்டாம், இந்த அமிலத்துல கரையும். ஆத்துல விட துத்தநாகம் லிட்டருக்கு 5 மில்லிகிராம்தான் அனுமதி. இன்னொண்ணு, பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கிற தண்ணியைச் சாயத்தண்ணியோட சேக்காதீங்க. பட்டு எடையில நாலுல ஒரு பங்கு வரைக்கும் பசை, அது புரதம். தூள்மேல படலமா ஒட்டிக்கிட்டா வெயில் பட்டும் பிரயோஜனம் இல்ல. அந்தத் தண்ணியைத் தனியா எடுத்து பிஎச் நாலுக்குக் கொண்டு போனா பசையும் சோப்புக் கொழுப்பும் பெரும்பாலும் திரிஞ்சு வரும், வடிகட்டிடலாம்.

கடைமடை: கசடு இல்லன்னு எழுதினதையும் கேளுங்க. 300 லிட்டருக்கு 300 கிராம் நானோ தூள். மணல் வடிப்பான்ல நிக்காது, பால் மாதிரி வாய்க்காலுக்குப் போகும்.

அரசலாறு: பிஎச்சை ஆறரைக்கு ஏத்தி ராத்திரி முழுக்க விட்டா தூள் திரண்டு படியும். மேல் தண்ணியை வடிச்சுட்டு அதையே மறுபடி போடலாம். தெரிஞ்ச விஷயம்.

சாயத்தொட்டி: ராத்திரி முழுக்கன்னா ரெண்டு மணி நேரம் எங்க போச்சு? ஸ்பெயின்ல அல்மேரியா சூரிய ஆய்வுத்தளத்துல வளைஞ்ச அலுமினியக் கண்ணாடிக்கு நடுவுல குழாய் வெச்சுத் தண்ணியை ஓட்டறாங்க. குழாய் விட்டம் மூணுலேருந்து அஞ்சு சென்டிமீட்டர், தூளும் லிட்டருக்கு அரை கிராமுக்குள்ளதான். ஏன்னா தூள் கூடினா தூளே வெயிலை மறைக்கும். ஒரு அடி போதும்னா அவங்க ஏன் ஒரு அடிக் குழாய் போடல?

அரசலாறு: அது ஐரோப்பிய வெயில். நம்ம சித்திரை வெயிலுக்கு ஒரு அடி தாங்கும்.

சாயத்தொட்டி: பட்டறைக்கு வேலை குவியறது தீபாவளிக்கு முன்னாடி. ஐப்பசி அடைமழையில சித்திரை வெயிலை எங்கேருந்து கொண்டு வருவீங்க? ஆழத்தை மூணு சென்டிமீட்டர்னு திருத்தி, இருட்டு அளவைப் போடுங்க. அப்புறம் பேசலாம்.

அரசலாறு: திருத்த மாட்டேன். ஒரு அடிதான். நிறம் போகும்.

நொய்யல்: அந்தச் சுண்ணாம்புக் கணக்குக்கு இன்னும் பதில் வரல.