புதுப்பிப்பு: பக்கத்து வீட்டம்மாவின் ஹீட்டிங் பில்

ஒஹாயோவில் பக்கத்து வீட்டு முதியவர் குளிர்கால கேஸ் பில்லால் திணறுகிறார், அரசு உதவி உண்டா என்று இதே இழையில் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்ன வெதரைசேஷன் உதவித் திட்டத்துக்கே (வீட்டின் இடுக்குகளை அடைத்து, வெப்பம் வெளியேறாமல் இன்சுலேஷன் போட்டுத் தரும் மத்திய அரசுத் திட்டம், 1976-இல் சட்டமானது) விண்ணப்பித்தோம். வருமானம் மத்திய வறுமைக் கோட்டைப்போல் இரண்டு மடங்குக்குள் இருந்தால் போதும். முதியவர்களுக்கு முன்னுரிமை.

ஆய்வாளர் வந்தார். வாசலை ஒரு சட்டகத்தால் இறுக மூடி, அதில் பொருத்திய ராட்சத மின்விசிறியை ஓடவிட்டார். வீட்டுக் காற்று வெளியே இழுபட, ஸ்விட்ச் பெட்டி இடுக்கிலும் பேஸ்மென்ட் விளிம்பிலும் சில்லென்று காற்று கையில் அடித்தது. அந்தம்மாவோ இத்தனை வருடமும் ஜன்னலைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்! புது ஜன்னலுக்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்களாம். போட்ட காசு மின்சார, கேஸ் மிச்சத்தில் திரும்ப வேண்டும் என்பது கணக்கு.

சிக்கல் பரணில். பீங்கான் குமிழ்களில் ஓடும் பழங்கால வயரிங். அதன்மேல் இன்சுலேஷன் கொட்டினால் தீ அபாயம் என்று வேலையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். 2021 உள்கட்டமைப்புச் சட்டம் இத்திட்டத்துக்கு 350 கோடி டாலர் ஒதுக்கியது. ஆனால் வயரிங்கை முழுதாக மாற்ற இந்தப் பணத்தைத் தொட முடியாது. ஓட்டை வீட்டுக்குத்தான் உதவி, ரொம்ப ஓட்டை என்றால் கிடையாது! இத்தகைய வீடுகளைத் தயார்படுத்தத் தனி நிதி உண்டு, அதற்கு எழுதிப்போட்டிருக்கிறோம்.

வாடகை வீட்டைப் பற்றிக் கேட்டவருக்கு: தாராளமாக விண்ணப்பிக்கலாம், வீட்டுக்காரர் சம்மதம் மட்டும் வேண்டும்.