உதவி: காலேஜ் ஃபுட்பால் 25 டைனஸ்டியில் ஒளிந்திருக்கும் நல்ல ஆட்டக்காரர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

மழைநாள்07:
வணக்கம். காலேஜ் ஃபுட்பால் 25 என்ற அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீடியோ கேமில், ஒரு கல்லூரி அணியைப் பல சீசன் நடத்தும் டைனஸ்டி முறையில் ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட்டை எடுத்து ஆடுகிறேன். 2024இல் நிஜத்திலேயே 12 ஆட்டமும் தோற்ற அணி. அதை மேலே கொண்டுவர வேண்டும் என்று ரொம்ப ஆசை, அதனால் அணி மாற்றச் சொல்லாதீர்கள்.

பிரச்சினை ரெக்ரூட்டிங்கில், அதாவது பள்ளிப் பையன்களை அணிக்குச் சேர்ப்பதில். பட்டியலில் 35 இடத்தையும் நிரப்பி, கேம் வாராவாரம் தரும் மணிநேரத்தைச் செலவழித்து எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் ஸ்கௌட் செய்கிறேன், அதாவது திறமை எண்களைத் திறந்து பார்க்கிறேன். சிலருக்குப் பச்சைக் கல் அடையாளம் விழுகிறது. ஆனால் அதற்குள் அந்த வாரத்து மணிநேரம் தீர்ந்துவிடுகிறது, பையனைப் பெரிய அணி கொத்திக்கொண்டு போய்விடுகிறது. போன சீசனில் ஒரே ஒரு பச்சைக் கல் லைன்பேக்கர் (தடுப்பாட்டக்காரன்) வந்தான், 5 ஸ்டாரில் 2 ஸ்டார். வந்து பார்த்தால் ஓவரால் (மொத்த மதிப்பெண்) 62. பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். எங்கே தப்பு செய்கிறேன்?

எல்லைக்கோடு:
அந்த லைன்பேக்கரை முழுக்க ஸ்கௌட் செய்தீர்களா? எந்த ஊர்ப் பையன்?

மழைநாள்07:
இல்லை, கல்லைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். டெக்சாஸ் பையன்.

எல்லைக்கோடு:
சரி, இரண்டு தப்பும் இதிலேயே இருக்கிறது: முழுக்கப் பார்க்காதது, தூரத்துப் பையனுக்கு மணிநேரம் போட்டது.

பச்சைக் கல் என்றால் "நல்ல ஆட்டக்காரன்" என்று அர்த்தமில்லை. அவனுக்குப் போட்ட ஸ்டாரைவிட நல்லவன், அவ்வளவுதான். 2 ஸ்டார் பச்சைக் கல்லைவிடக் கல்லே இல்லாத 3 ஸ்டார் மேலாக இருக்கலாம். அதேபோல, போட்ட ஸ்டாருக்குக் கீழே என்று சிவப்பு அடையாளம் விழுந்த 4 ஸ்டாரையும் உடனே தூக்கிப் போடாதீர்கள். உங்கள் அணியில் அவன் முதல் நாளே இறங்கக்கூடும். கல்லைப் பார்த்து நிறுத்தாமல் எண்களைத் திறந்து பாருங்கள். ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்), கார்னர்பேக் (அவரைத் தடுப்பவர்) என்றால் நான் முதலில் பார்ப்பது வேகமும் ஆக்சிலரேஷனும். கேட்சிங்கைப் பயிற்சியில் ஏற்றிக்கொள்ளலாம். கால் மெதுவாக இருந்தால் கஷ்டம்.

அப்புறம் மணிநேரம். ஸ்கௌட்டுக்குக் கொடுப்பது ஒரு தடவைச் செலவு. மெசேஜ் அனுப்புவது, குடும்பத்தோடு பேசுவது எல்லாம் நிறுத்தும்வரை வாராவாரம் போகும். அதனால் சீசனுக்கு முன்பும் முதல் சில வாரங்களிலும் ஸ்கௌட்டை முடித்துவிடுங்கள். 35 பேரையும் வேண்டாம். உங்கள் பைப்லைன் பகுதி (உங்கள் அணிக்குச் செல்வாக்குள்ள வட்டாரம்) பையன்கள், ஏற்கெனவே உங்கள் கல்லூரி மேல் ஆர்வம் உள்ளவர்கள், இவர்களில் தேவையான இடங்களுக்கு ஒரு 12 பேர் போதும். ஸ்காலர்ஷிப்பை மட்டும் தாமதிக்காமல் கொடுங்கள், அதற்கு 5 மணிநேரம்தான்.

கடைசிவரிசை:
எல்லைக்கோடு அண்ணன் சொன்னது சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். டெவலப்மென்ட், அதாவது எவ்வளவு வேகமாக வளர்வான் என்பது, நார்மலா, இம்பாக்டா, ஸ்டாரா, எலைட்டா என்பது பையன் அணிக்கு வந்த பிறகுதான் தெரியும். அந்த 62 பையனையும் விட்டுவிடாதீர்கள். 4 ஆட்டத்துக்கு மேல் இறக்காமல் ரெட்ஷர்ட்டில் வைத்தால் அந்த சீசன் அவன் கணக்கில் சேராது, ஒரு வருஷம் மிச்சம்.

இன்னொன்று, இடத்தை மாற்றிப் பாருங்கள். ஜூலியன் எடல்மன் உங்கள் கென்ட் ஸ்டேட் ஆள்தான். அங்கே குவார்ட்டர்பேக், பந்தை எறிபவர். 2009இல் தொழில்முறை அணியான பேட்ரியட்ஸ் அவரை டிராஃப்டில், அதாவது புதியவர்கள் தேர்வில், ஏழாவது சுற்றில் எடுத்து ரிசீவராக்கியது. 53ஆவது சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் 10 கேட்ச், 141 யார்டு, சிறந்த ஆட்டக்காரர் விருது (எம்விபி). அதனால் எறிகிற கை சுமாராக இருந்து கால் மட்டும் வேகமாக இருக்கும் 2 ஸ்டார், 3 ஸ்டார் குவார்ட்டர்பேக் பையன்களைத் தேடுங்கள். மற்ற அணிகள் அவ்வளவாக மோதாது. சீசன் முடிந்ததும் பொசிஷன் மாற்றிவிடலாம்.

மழைநாள்07:
எடல்மன் கென்ட் ஸ்டேட் என்பதே எனக்குத் தெரியாது! இன்றிரவே தேடுகிறேன்.

மழைநாள்07 (மூன்று நாள் கழித்து):
ஒரு சீசன் முடித்துவிட்டேன். இந்த முறை 11 பேரை மட்டும் ஸ்கௌட் செய்தேன், எட்டுப் பேர் ஒஹாயோ. ஒரு 3 ஸ்டார் குவார்ட்டர்பேக், கல் எதுவும் இல்லை, எறிகிற கை மோசம், வேகம் 91. அவனுடைய டாப் 5 கல்லூரிகளில் நாம் வந்ததும் வளாகத்துக்கு அழைத்தேன், அந்த வாரம் ஆட்டத்தையும் ஜெயித்தோம். இரண்டு வாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். அணிக்கு வந்ததும் திறந்து பார்த்தால் டெவலப்மென்ட் ஸ்டார்! ஸ்லாட் (உள்பக்கம் நிற்கும்) ரிசீவராக மாற்றிவிட்டேன். ஓவரால் கொஞ்சம் இறங்கியது, பரவாயில்லையா?

கடைசிவரிசை:
பரவாயில்லை. ரெட்ஷர்ட் போடுங்கள், அடுத்த வருஷம் ஏறும். அந்த லைன்பேக்கர் என்ன ஆனான்?

மழைநாள்07:
68. ஸ்பெஷல் டீம்ஸில் (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான குழு) இறக்கியிருக்கிறேன்.