புதுப்பிப்பு: வாய்ப்பாட்டு கேட்க ஹெட்போன் வாங்கிவிட்டேன்

கர்நாடக வாய்ப்பாட்டு கேட்க எந்த ஹெட்போன் நல்லது என்று போன மாதம் கேட்டிருந்தேன். அப்போது என்னிடம் இருந்தது பேஸ் தூக்கலான, மூடிய வகை. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், காதை அதிரவைக்கும். பாடகரோ போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும்.

பலரும் சொன்ன சென்ஹைசர் எச்டி 600-ஐயே வாங்கினேன். 1997-இல் வந்த திறந்த வகை மாடல், அதாவது காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்புறம் அடைக்கப்படாதது. முதல் இரவே ஒரு தோடி ஆலாபனை. காந்தார ஸ்வரம் (க) அசையும்போது குரல் எங்கே தொட்டு எங்கே திரும்புகிறது என்பது அப்படியே கேட்டது. அடுத்த பிடிக்கு (ராகத் துணுக்குக்கு) முன் இழுக்கிற மூச்சுகூட. தம்புரா தனியாகப் பின்னால் நிற்கிறது. நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை. சாகித்யத்தின் (பாடல் வரிகளின்) சொல் தெளிவும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அதை அமுக்காத ஹெட்போனாகப் பாருங்கள்.

சரி, சிக்கல்களையும் சொல்கிறேன். இதன் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 300 ஓம், அதிகம். என் போனில் நேரடியாகச் செருகியபோது சத்தம் போதவில்லை, சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்று சேர்க்க வேண்டியிருந்தது. ஒலி வெளியே கசிவதால் பஸ்ஸுக்கு ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா ராகத்தையே சொல்லிவிடுகிறார்.

பழைய கச்சேரிப் பதிவுகளை இன்னும் போடவில்லை. அவற்றில் இரைச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் எழுதுகிறேன்.