அமெரிக்காவில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழி வந்த) சர்க்கரை நோயாளிகளோடு பழகியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நர்ஸ், தெற்கு டெக்சாஸ்:

மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுப்பதும் சாப்பாடு பற்றிப் பேசுவதும்தான் என் வேலை. வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மெக்சிகோ வழி வந்த குடும்பங்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, "அக்கா, எல்லாத்துக்கும் தலையாட்டுறாங்க, வீட்டுக்குப் போய் ஒண்ணும் செய்றதில்ல" என்று சலித்துக்கொண்டாள். ஆரம்பத்தில் நானும் இதையே சொன்னவள்தான். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு பாட்டி. அவரைப் பற்றி எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

அவருக்கு அறுபது தாண்டியிருக்கும். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, அதாவது ஏ1சி, 11-க்கு மேல். மாத்திரை போதாது என்று டாக்டர் இன்சுலின் எழுதினார். பேனா வடிவில் வரும் இன்சுலின் ஊசியை எப்படிப் போடுவது என்று நான் விளக்கினேன். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் "சி, தொக்தோரா" என்றார். "சரிங்க டாக்டர்" என்று அர்த்தம். நான் டாக்டர் இல்லை என்றாலும் விடமாட்டார். அடுத்த முறையும் அதே "சி". அதற்கடுத்த முறையும் அப்படியே. எண் மட்டும் இறங்கவில்லை. நான்காவது முறை கூட வந்த மருமகள்தான் விஷயத்தைச் சொன்னாள். பேனாக்கள் எல்லாம் பிரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் "ஏன் போடவில்லை" என்று கேட்டால் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார், பதில் வராது. அதனால், "உங்கள் வீட்டில் வேறு யாராவது இன்சுலின் போட்டிருக்கிறார்களா?" என்று கேட்டேன். அம்மா போட்டாராம், ஆரம்பித்த அதே வருடம் பார்வை போயிற்று. அண்ணன் போட்டார், காலை எடுத்துவிட்டார்கள்.

இன்சுலின் கண்ணைக் கெடுக்கும் என்ற பேச்சை இங்கே பல வீடுகளில் கேட்கலாம். அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் இன்சுலின் வரும். அதற்குள் பத்துப் பதினைந்து வருடம் கட்டுக்கடங்காத சர்க்கரை கண்ணின் ரத்தக்குழாய்களைக் கெடுத்து முடித்திருக்கும். ஊசி வந்ததும் பார்வை போனதும் அடுத்தடுத்து நடந்தது உண்மை. அந்த உண்மையை ஒத்துக்கொண்டு, அம்மாவின் கண்ணை எது எடுத்தது என்று சொன்ன பிறகுதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் நான்கு மில்லிமீட்டர் ஊசி ஒன்றை எடுத்து, மருந்தில்லாமல், என் வயிற்றிலேயே குத்திக் காட்டினேன். அவர்தான் "ஆய்" என்று கையை இழுத்துக்கொண்டார். "வலிக்கலையா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அந்த "சி, தொக்தோரா" மருந்துக்குத் தந்த சம்மதம் அல்ல என்று அன்றுதான் புரிந்தது. அது எனக்குத் தந்த மரியாதை. படித்தவர்கள் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அதை 'ரெஸ்பேதோ' என்பார்கள். எங்கள் ஊர்ப் பாட்டியும் டாக்டரிடம் "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்து, மருந்துச் சீட்டை மாடக்குழியில் செருகிவைப்பார். அது எனக்குத் தெரிந்திருந்தும், இங்கே மூன்று முறை ஏமாந்தேன்.

இன்னொன்று. தனக்குச் சர்க்கரை வந்தது எப்படி என்று அவர் ஒரு கதை சொன்னார். மகனுக்கு வண்டி விபத்து என்று ராத்திரி போன் வந்ததாம். அந்த 'சுஸ்தோ'வில் வந்ததுதான் இது என்றார். சுஸ்தோ என்றால் திடுக்கிட்டுப் போவது. நம் ஊரில் பயந்த கோளாறு என்போமே, அதே மாதிரி. முன்பெல்லாம் இந்தக் கதையை இடைமறித்துக் கணையம் பற்றிய விளக்கத்துக்குப் போய்விடுவேன். இப்போது முழுக்கக் கேட்கிறேன். பெரிய அதிர்ச்சியில் உடம்பு சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றுவது உண்மைதான். உள்ளே முன்பே இருந்த நோய் அன்று வெளியே தெரிந்திருக்கலாம். அப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பார்மசியில் வேலை, ஹூஸ்டன்:

இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. இங்கே மருந்து டப்பாவில் ஒட்டும் சீட்டில் ஒரு நாளைக்கு 'ஒன்ஸ்' என்று ஆங்கிலத்தில் அச்சாகும். ஒரு தடவை என்று பொருள். அதே நான்கு எழுத்தை ஸ்பானிஷில் 'ஓன்சே' என்று படிப்பார்கள். அது பதினொன்று! பயிற்சியில் இதைச் சொன்னபோது யாரும் அப்படியெல்லாம் படிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு நாள் கட்டட வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் கவுண்டருக்கு வந்து உள்ளங்கையை விரித்தார். சர்க்கரை மாத்திரை, எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. "இவ்வளவுமா?" என்று கேட்டார். விழுங்கும் முன் கேட்க வந்தாரே என்று இன்றைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதிலிருந்து ஸ்பானிஷ் சீட்டு கேட்டு வாங்கி ஒட்டாமல் யாரையும் அனுப்புவதில்லை. "நாளைக் காலையில் எத்தனை எடுப்பீர்கள், காட்டுங்கள்" என்று டப்பாவைத் திறக்கவும் சொல்கிறேன்.

டயட்டீஷியன், கலிபோர்னியா:

எனக்குத் தந்த கையேட்டில் கினுவா, கேல் கீரை, கிரேக்கத் தயிர் என்று படம் போட்டிருந்தது. என்னிடம் வருபவர்கள் பாதிப் பேர் வயலில் வேலை செய்பவர்கள். தோர்த்தியா என்பது அவர்கள் தினமும் சாப்பிடும் மெல்லிய ரொட்டி. அதை விடச் சொல்வது நம் வீட்டில் சோற்றை விடச் சொல்வது போல. முதல் ஆறு மாதம் நான் அதைத்தான் செய்தேன், வெட்கமாக இருக்கிறது.

இப்போது கணக்கு வேறு. சின்ன மக்காச்சோளத் தோர்த்தியா ஒன்றில் சுமார் 12 கிராம் மாவுச்சத்து. பெரிய மைதாத் தோர்த்தியாவில் அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சோளத்துக்கு மாறி, இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் பீன்ஸும் நோபாலும் தாராளமாக என்றால் முகம் மலர்கிறது. நோபால் என்பது முள் நீக்கிய சப்பாத்திக் கள்ளி மடல். அவர்கள் பாட்டி காலத்திலிருந்தே சர்க்கரைக்கு நல்லது என்று சாப்பிடுவது. நார்ச்சத்து நிறைய. மாத்திரையை நிறுத்திவிட்டு அதை மட்டும் நம்பாதவரை நான் தடுப்பதில்லை. பெரும்பாலும் சர்க்கரை அளவை ஏற்றுவது தோர்த்தியா அல்ல, ஜூஸும் சோடாவும்தான்.

சமைப்பது யார் என்று கேட்க மறக்காதீர்கள். நோயாளி அம்மாவாக இருந்தால், எட்டுப் பேருக்குச் சமைத்துவிட்டுத் தனக்கென்று தனியாக ஒன்றும் செய்துகொள்ள மாட்டார். கணவரையோ மகளையோ உட்கார வைத்துப் பேசினால்தான் அந்த வீட்டில் ஏதாவது மாறும்.

லத்தீனோ என்று எல்லோரையும் ஒரே கூடையில் போடவும் முடியாது. பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ நான்கு ஊர்களிலும் 16,000 பேருக்கு மேல் பரிசோதித்த பெரிய ஆய்வு ஒன்றில் மெக்சிகோ வழியினரிடம் சர்க்கரை நோய் சுமார் 18 சதவீதம், தென் அமெரிக்க வழியினரிடம் சுமார் 10 சதவீதம். டொமினிகன் வீட்டில் வாழைக்காய் மசியல், போர்ட்டோ ரிக்கோ வீட்டில் அரிசிச் சோறு. அங்கே போய்த் தோர்த்தியா பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்?

மருத்துவர், கலிபோர்னியாவின் ஓக்லாந்து பக்கம்:

ஒரு குவாத்தமாலாக்காரருக்கு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை வைத்து இருபது நிமிடம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் "சி". பிறகுதான் தெரிந்தது, அவர் தாய்மொழி மாம். மாயா மொழிகளில் ஒன்று. ஸ்பானிஷ் அவருக்குச் சந்தையில் பேசும் அளவுக்குத்தான். இங்கே ஃப்ரூட்வேல் பகுதியில் மாம் பேசுபவர்கள் நிறைய.

குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், தயவுசெய்து. நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் தன் அப்பாவிடம் "உங்கள் சிறுநீரகம் போகப் போகிறது" என்று சொல்ல வேண்டியிருந்தது. அவள் பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள். அவசர நிலை தவிர மற்ற நேரத்தில் பிள்ளைகளை நம்பி மொழிபெயர்க்கக் கூடாது என்று 2016-இல் விதியே வந்துவிட்டது. இன்னும் நடக்கிறது.

பயத்தையும் சொல்ல வேண்டும். அரசு உதவி வாங்கினால் கிரீன் கார்டு கிடைக்காமல் போகலாம் என்ற விதி 2019-இல் அறிவிக்கப்பட்டு 2020-இல் நடைமுறைக்கு வந்தது. 2021 மார்ச்சில் கைவிட்டார்கள். அந்த விதி தொடாதவர்கள்கூட மருத்துவத்துக்கு வருவதை நிறுத்தினார்கள், குடியுரிமை உள்ள பிள்ளைகளைக் கூட்டி வருவதையும் சேர்த்து. இன்சுலின் தீர்ந்து மயங்கி வந்தபோதுதான் சிலரை மறுபடி பார்த்தேன். அதைப் "பண்பாட்டுத் தடை" என்று எழுதிக்கொள்வது அநியாயம்.

நர்ஸ், தெற்கு டெக்சாஸ்:

மருத்துவர் சொன்ன கடைசி வரி எனக்கு முக்கியம். நாம் போடும் தடையையும் அவர்கள் பண்பாட்டின் தலையில் கட்டிவிடுகிறோம்.

எங்கள் பக்கத்துக் கவுண்டி (மாவட்டம் மாதிரி), ஸ்டார். அங்கே நர்சிங் பேராசிரியர் ஷாரன் பிரவுன் குழு 256 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2002-இல் வந்தது. ஸ்பானிஷில், ஊருக்குள்ளேயே, அவர்கள் சாப்பாட்டை வைத்தே, ஒரு வருடத்தில் 52 மணி நேரம் வகுப்பு. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஓர் ஆளையோ நண்பரையோ கூட்டிவர வேண்டும். ஆறு மாதத்தில், வகுப்புக்கு வந்தவர்களின் ஏ1சி மற்றவர்களைவிட 1.4 புள்ளி குறைவு. எங்கள் இடத்திலும் அந்த வழியைக் கொஞ்சம் பின்பற்றுகிறோம். வகுப்பு தேவாலயக் கூடத்தில், ஞாயிறு பூசை முடிந்ததும். நடத்துவது 'ப்ரொமொத்தோரா', அதே தெருவில் வசிக்கும் பயிற்சி பெற்ற பெண். நான் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் பாட்டி எட்டு மாதமாக ஊசி போடுகிறார். கடைசி ஏ1சி 7.9. இப்போது "தொக்தோரா" இல்லை, என்னை "மிஹா" என்று கூப்பிடுகிறார். மகளே என்று அர்த்தம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்கிறார். ராத்திரி மாத்திரையை வயிறு ஏற்கவில்லை என்று சண்டை போட்டு மாற்றிக்கொண்டார். போன ஞாயிறு தன் பேரனுக்கு ஞானத்தாயான தோழியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். "இவளும் 'சி' சொல்றவதான்" என்று என் எதிரே உட்கார வைத்தார். அந்த அம்மா மடியிலிருந்த பையைத் திறந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே மூன்று இன்சுலின் பெட்டி, பிரிக்காமல்.