தோற்க ஆரம்பித்தால் தோள் தொங்கிவிடுகிறது, கெத்தாக நின்றால் ஆட்டம் மாறுமா?

மாலைஆட்டம்:
வணக்கம் நண்பர்களே. பேட்மின்டன் ஒற்றையர் ஆடுகிறேன், கிளப் அளவில்தான். பயிற்சியில் சுலபமாக ஜெயிக்கிற அதே ஆட்களிடம் போட்டி என்று வந்தால் தோற்கிறேன். கோச் ஒரு போட்டியை வீடியோ எடுத்துக் காட்டினார், பார்க்கவே சகிக்கவில்லை. 14-14 வரை ஒழுங்காகப் போகிறது, அப்புறம் ஒரு டிராப் நெட்டில் மாட்டுகிறது, உடனே தோள் தொங்குகிறது, ராக்கெட் தரையைப் பார்க்கிறது, ஷட்டிலை எடுக்கப் போகிற நடை வகுப்பை விட்டு வெளியே அனுப்பப்பட்ட பையனின் நடை மாதிரி இருக்கிறது. அடுத்தடுத்து நாலைந்து பாயிண்ட் போன பிறகுதான் விழிக்கிறேன்.

கோச் சொல்வது, "நெஞ்சை நிமிர்த்து, ஜெயிக்கிறவன் மாதிரி நில், பிடித்த ஆட்டக்காரர் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு அவராகவே ஆடு." எனக்குப் பிடித்தவர் ஸ்பெயினின் பேட்மின்டன் ஆட்டக்காரர் கரோலினா மரின். ஆனால் நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை, அவர் மாதிரி ஒவ்வொரு பாயிண்டுக்கும் கத்தினால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். உள்ளே நடுக்கத்தை வைத்துக்கொண்டு வெளியே கெத்து காட்டுவதால் பலன் இருக்கிறதா, இல்லை வெறும் நடிப்பா? முன்மாதிரி என்று வைத்தால் யாரை வைப்பது?

பின்கோடு:
ஜூனியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் வீடியோவில் தோளைவிட நேரத்தைப் பாருங்கள். பாயிண்ட் போனதும் எவ்வளவு சீக்கிரம் அடுத்த சர்வீஸை எதிர்கொள்ள நின்றுவிடுகிறீர்கள்? சோர்ந்துபோன ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அவசரப்படுவார்கள், அந்த இடத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று. கால்பந்தில் கெய்ர் யோர்டெட் என்ற நார்வே ஆய்வாளர் பெரிய போட்டிகளின் பெனால்டி ஷூட்அவுட்களை வீடியோவில் அலசியிருக்கிறார். அழுத்தம் ஏற ஏற, ஆட்டக்காரர்கள் கோல்கீப்பரின் முகத்தைப் பார்க்காமல் முதுகைக் காட்டித் திரும்பி நடப்பதும், விசில் ஊதியதும் ஓடிப்போய் அடிப்பதும் கூடுகிறது. அப்படி அவசரமாக அடித்தவர்கள் தவறவிட்டதும் அதிகம்.

அதனால் "நெஞ்சை நிமிர்த்து" என்பதை நான் பிள்ளைகளிடம் சொல்வதே இல்லை, அது ஒரு நிமிடம்கூடத் தாங்காது. செய்வதற்கு வேலை கொடுப்பேன். பாயிண்ட் போனதும் ராக்கெட்டை இடது கைக்கு மாற்று, வலது கை விரல்களை உதறு, பின்கோடு வரை நட, நடக்கும்போதே மூச்சை நீளமாக வெளியே விடு, கண் ராக்கெட்டின் நரம்புகள் மேல் இருக்கட்டும், திரும்பும்போது எதிராளியின் முகத்தைப் பார். இவ்வளவுதான். நரம்பைப் பார்க்கிற வழக்கம் சும்மா வந்ததில்லை, கண் கேலரிக்கும் ஸ்கோர் போர்டுக்கும் ஓடாமல் இருக்க அது ஒரு சாக்கு. டென்னிஸில் ஜிம் லோர் என்ற உளவியலாளர் பாயிண்டுகளுக்கு நடுவே இப்படி 16 விநாடி ஒழுங்கு ஒன்றை வகுத்தார். பேட்மின்டனில் அவ்வளவு நேரம் கிடைக்காது, நடுவர் விரட்டுவார், அதனால் சுருக்கிக்கொள்ள வேண்டும். முழுசாகச் செய்ய 11 பாயிண்டில் வருகிற 60 விநாடி இடைவேளை இருக்கிறது.

சுழல்வாதி:
நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. "நிமிர்ந்து நின்றால் ஹார்மோன் மாறும், தைரியம் வரும்" என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றியதே, அது 2010-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு. 2015-இல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது ஹார்மோனும் மாறவில்லை, நடத்தையும் மாறவில்லை, பலமாக இருக்கிற மாதிரி உணர்கிறோம் என்று மட்டும் கலந்துகொண்டவர்கள் சொன்னார்கள். முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியர் டானா கார்னியே 2016-இல், அந்த விளைவு உண்மை என்று தான் நம்பவில்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். ஆகவே டிரஸ்ஸிங் ரூமில் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டு வந்தால் ஸ்மாஷ் வேகம் கூடிவிடாது.

கிரிக்கெட்டில் மேற்கிந்தியத் தீவுகளின் விவியன் ரிச்சர்ட்ஸ் ஹெல்மெட் இல்லாமல், சூயிங்கம் மென்றுகொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து வருவார் என்று எல்லோரும் சிலிர்ப்பார்கள். டெஸ்டில் 8540 ரன் அடித்த கை அது, அந்தக் கை இல்லாமல் நடை மட்டும் இருந்திருந்தால் யார் பேசியிருப்பார்கள்?

நெட்டோரம்:
சுழல்வாதி சொல்வது உடம்புக்குள் நடப்பதைப் பற்றி. எதிராளியை ஏன் விட்டுவிட்டீர்கள்? தலை தொங்கினவரைப் பார்த்தால் எனக்கு எதிரில் ஆடத் தெம்பு வருகிறது, இன்னும் துணிந்து லைனை ஒட்டி அடிக்கிறேன். அந்தத் தெம்பை ஓசியில் கொடுக்காமல் இருந்தாலே லாபம்தானே.

முன்மாதிரி விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் பலரும் சொதப்புகிறார்கள். ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 1977-இல் தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எழுதியபோது, தானே செய்து ஜெயித்த அனுபவத்தை முதலில் வைத்தார், பிறர் செய்வதைப் பார்ப்பது அதற்கு அடுத்தது. அதிலும் நம்மைப் போன்ற ஒருவர், தடுமாறித் தடுமாறி மேலே வருவதைப் பார்த்தால்தான் "இவரால் முடிந்தால் நமக்கும் முடியும்" என்று தோன்றும். மரினைப் பார்த்தால் வாய் பிளக்கலாம், அவ்வளவுதான். உங்கள் கிளப்பிலேயே உங்களைவிட ஒரு படி மேலே ஒருவர் இருப்பார், 14-14-இல் அவர் என்ன செய்கிறார், எங்கே பார்க்கிறார், ஷட்டிலை எப்படி எடுக்கிறார் என்று கவனியுங்கள். பெரிய ஆட்டக்காரர்களிடம் ஒரே ஒரு விஷயத்தைக் கடன் வாங்குங்கள். கத்தப் பிடிக்காதென்றால் ஜப்பானின் கென்டோ மொமோட்டா இருக்கிறார், 2019-இல் மட்டும் 11 பட்டம் ஜெயித்தவர், ராலிகளுக்கு நடுவே அவர் முகத்தை வைத்து ஸ்கோர் சொல்ல முடியாது. ஃபெடரர்கூடச் சின்ன வயதில் ராக்கெட்டை உடைத்துக்கொண்டிருந்தவர்தான், அந்த அமைதி பிறகு வந்தது.

பின்கோடு:
நெட்டோரத்தோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். "என் சுபாவத்துக்கு வராது" என்று சொல்லி ஒதுங்கிவிட வேண்டாம். பி.வி.சிந்து கூச்சப்படுகிற பெண்ணாக இருந்ததும், அவருடைய கோச் கோபிசந்த் அவரைக் கோர்ட்டில் நிறுத்திக் கத்தச் சொல்லிப் பழக்கியதும் ஊரறிந்த கதை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர் இறுதிப் போட்டிக்கே போனார்.

சுழல்வாதி:
அந்த இறுதிப் போட்டியில் எதிரில் நின்றது மரின், முதல் கேமை சிந்து 21-19 என்று எடுத்தும் ஜெயித்தது மரின்தான். இரண்டு பக்கமும் சத்தம், தங்கம் ஒன்றுதான் :)

மாலைஆட்டம்:
நன்றி எல்லோருக்கும். பின்கோடு சார், வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி, பாயிண்ட் போனதும் ஷட்டிலை நெட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு உடனே வந்து நின்றுவிடுகிறேன், எதிராளி மூச்சு வாங்கக்கூட இல்லை. கிளப்பில் ஒரு அண்ணன் இருக்கிறார், தோற்கும்போதும் நிதானமாகத் துண்டு கேட்டு முகம் துடைப்பார், அவரைத்தான் கவனிக்கப் போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும், இந்த ராக்கெட் மாற்றுவது, நடப்பது எல்லாம் பாயிண்ட் ஜெயித்தாலும் செய்ய வேண்டுமா?

பின்கோடு:
ஆமாம், ஜெயித்தாலும் அதேதான். தோற்கும்போது மட்டும் செய்தால் நீங்கள் கலங்கியிருப்பது எதிராளிக்கு உடனே தெரிந்துவிடும். முதலில் பயிற்சி ஆட்டத்தில் ஆரம்பியுங்கள், போட்டியில் நினைவு வைத்துச் செய்கிற நிலைமை இருக்கக் கூடாது. இன்னொன்று, நல்லா ஆடின ராலிகளை மட்டும் வெட்டி ஒட்டி ஒரு சின்ன வீடியோ கோச்சிடம் கேளுங்கள். தோற்றதையே பார்த்துக்கொண்டிருந்தால் அதுதான் மண்டையில் ஓடும்.