2 மில்லிப் பாலுக்கும் மதிப்பு கொடுத்த சிஸ்டர்

என் மகன் 28 வாரத்தில் பிறந்தான். எடை 1,050 கிராம். மூன்றாம் நாள்தான் என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியு-வுக்குக் கூட்டிப் போனார்கள். மூக்கில் மூச்சுக்கு உதவும் சிபாப் குழாய், வாயில் பால் ட்யூப், பாதத்தில் சிவப்பாக மின்னும் சென்சார். இவற்றுக்கு நடுவில் என் பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது.

எனக்குப் பால் சரியாக ஊறவில்லை. அரை மணி நேரம் பீய்ச்சியும் 2 மில்லிதான். கொடுக்கவே கூச்சப்பட்டு, துணிக்குள் மறைத்துத்தான் கொண்டுபோனேன். நைட் டூட்டி சிஸ்டர் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அம்மா, இவனுக்கு இப்போ ஒரு வேளைக்கே 2 மில்லிதான். ஒரு வேளைச் சாப்பாட்டை முழுசா கொண்டுவந்திருக்கீங்க" என்றார். சிரிஞ்சில் எடுத்தபின் அடியில் ஒட்டியிருந்த சொட்டையும் விடவில்லை. பஞ்சில் தொட்டு அவன் உதட்டில் வைத்தார். நாக்கை நீட்டி நக்கினான். அப்புறம் மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து பீய்ச்ச எனக்கு அலுப்பே வரவில்லை.

தொடவும் பயந்தேன். "தடவாதீங்கம்மா, இந்தத் தோலுக்கு அது உறுத்தும். ஒரு கை தலையில, இன்னொரு கையால காலை மடக்கிப் பிடிச்சு அசையாம வச்சிருங்க. வயித்துக்குள்ள இருந்த மாதிரி இருக்கும்" என்று என் கைகளைப் பிடித்து வைத்தார். உதறிக்கொண்டிருந்தவன் மெல்ல அடங்கினான்.

குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சை நடத்தும் மூளைப் பகுதி முதிர்ந்திருக்காது, அதனால் அவ்வப்போது மூச்சு நின்றுபோகும். அலாரம் அடித்தால் எனக்கு உயிரே போய்விடும். அவர் குழந்தையின் நிறத்தையும் நெஞ்சையும் பார்ப்பார், உள்ளங்காலை ஒரு விரலால் தேய்ப்பார். மூச்சு திரும்பியதும் என் பக்கம் திரும்பி, "வந்துட்டான்" என்பார்.

குழாயை எடுத்த அன்று மூக்கில் ஒட்டிய பிளாஸ்திரியை ஈரப் பஞ்சால் ஓரம் ஓரமாக ஊறவைத்தே கழற்றினார். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். அவருக்கு வேறு வேலை எவ்வளவு குவிந்திருந்தது என்று எனக்குத் தெரியும். தோல் துளிகூட உரியவில்லை.

* * *

இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் ஒரு தந்தை. எங்களுக்கு மகள், 31 வாரம். மனைவி ஆபரேஷன் முடிந்து வார்டில் இருந்ததால் முதலில் உள்ளே போனது நான். மோதிரம், வாட்ச் கழற்றி முழங்கை வரை கை கழுவச் சொன்ன சிஸ்டர் அடுத்துக் கேட்டது, "பாப்பாவுக்கு என்ன பேர்?" பிழைப்பாளா என்று தெரியாமல் பெயர் வைக்க மனம் வரவில்லை. அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி உட்காரச் சொன்னார். இது குழந்தையை வெறும் நெஞ்சோடு சேர்த்து வைத்திருக்கும் கங்காரு முறை, 1978-இல் கொலம்பியாவின் போகோட்டாவில் தொடங்கியது, அப்பாவும் செய்யலாம் என்றெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். என் நெஞ்சில் ஒரு மணி நேரம் தூங்கினாள். மறுநாள் பெயரோடு போனேன். இன்குபேட்டர் அட்டையில் அவரே எழுதி ஒட்டினார்.

* * *

எங்கள் பாப்பா 9 நாள்தான் இருந்தாள். கடைசியில் குழாய்களை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் துடைத்து, தொப்பி போட்டு என் மடியில் வைத்தார் ஒரு சிஸ்டர். டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. பாதங்களை மையில் தொட்டு ஒரு அட்டையில் பதித்துக் கொடுத்தார். 4 வருடமாக அந்த அட்டை என் பீரோவில் இருக்கிறது. அவர் பெயரைக் கேட்க அன்று தோன்றவில்லை.